பெரியக்கா தேர்ந்தெடுத்த ஆள்

அந்தச் சலவைக்கூடத்தில் நாளொன்றுக்கு ஆயிரத்து எண்ணூறு படுக்கை விரிப்புகள் வெளுத்தாக வேண்டும். மூன்று ஆஸ்பத்திரிகள், ஐந்து ஓட்டல்கள். விடிந்தும் விடியாமலும் வண்டி வந்து மூட்டைகளை உருட்டிவிட்டுப் போகும். ரத்தக் கறை, மருந்துக் கறை, குழந்தை கக்கிய பால், யாரோ படுக்கையில் உட்கார்ந்து குடித்துக் கொட்டிய காபி என்று ஊரின் அந்தரங்கமெல்லாம் தரையில் கிடக்கும். துவைத்து, பிழிந்து, உலர்த்தி, சூடான உருளைக்குள் விட்டு எடுத்து மடித்து அடுக்கினால், மாலையில் அதே வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

இதில் மடிப்பு மேஜை பெரியக்காவின் ராஜாங்கம். சூப்பர்வைசர் என்று அட்டையில் போட்டிருந்தாலும், முதலாளியிலிருந்து வண்டி ஓட்டுகிறவர் வரைக்கும் எல்லாருக்கும் அவள் பெரியக்காதான். பழைய முதலாளி காலத்தில் சேர்ந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஒரு உதறு உதறி, முனையோடு முனை சேர்த்து, எதிரெதிரே நடந்து வந்து கையில் கொடுக்க வேண்டும். புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் விரிப்பை அவளோடுதான் மடிக்க வேண்டும் என்பது அவள் வைத்த சட்டம்.

"அந்தப் பக்கம் இழுக்கற இழுப்புலயே ஆளு யாருன்னு எனக்குத் தெரிஞ்சிடும்" என்பாள்.

சும்மா சொல்லக்கூடாது, தெரியத்தான் செய்தது. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவள் வெடுக்கென்று இழுப்பாள். ராத்திரி தூங்காதவள் முனையை நழுவவிடுவாள். பெரியக்கா உடனே கண்டுபிடித்து, உருளையின் இரைச்சலையும் மீறி, நாலு மேஜைக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லிவிடுவாள்: "என்னடி, மறுபடியும் மாமியார் வந்து உட்கார்ந்திருக்காளா? போ, மூஞ்சியைக் கழுவிட்டு வா." எல்லாரும் சிரிப்பார்கள். அகப்பட்டவளும் சிரித்து வைப்பாள். எனக்குத் தெரியாமல் இங்கே ஒரு ஊசி விழாது என்று பெரியக்காவுக்கு அப்படி ஒரு பெருமை.

அவளிடம்தான் முதலாளி ஒரு நாள் வந்து தயங்கித் தயங்கி நின்றார். அப்பா போன பிறகு பொறுப்புக்கு வந்த இளவயசுக்காரர்.

"பெரியக்கா, நாலு மாசத்துல ஆறு பேர் நின்னுட்டாங்க. கிழிஞ்ச விரிப்பு போகுதுன்னு ஆஸ்பத்திரில புகார். இருக்கறவங்களும் ஏதோ மிஷின் மாதிரி வந்து போறாங்க. வேலையில ஒரு ஒட்டுதல் இல்ல."

"அதுக்கு?"

"வெளியிலேந்து ஒரு ஆலோசகர். ஊழியர் ஈடுபாடுன்னு இதுக்குன்னே படிச்சவங்க இருக்காங்க. வந்து ஒவ்வொருத்தர்கிட்டயும் பேசி, மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்குவாங்க."

பெரியக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. மனசில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தானே அவள் இருக்கிறாள்? பதினெட்டு வருஷமாக இங்கே என்ன பூப்பறித்துக்கொண்டா இருந்தாள்?

"யாரை வேணாலும் கூட்டிட்டு வாங்க தம்பி. உங்க கடை, உங்க இஷ்டம்."

"அப்படிச் சொல்லாதீங்க. மூணு பேர் வர்றாங்க. யாருன்னு நீங்கதான் முடிவு சொல்லணும். நீங்க கை காட்டற ஆள்தான்."

அவளைச் சமாதானப்படுத்த நினைத்து அவர் சொன்ன வார்த்தை அது. பின்னால் அதுவே அவர் வாயைக் கட்டிப்போட்டது.

மூன்று பேரும் மூன்று நாளில் வந்தார்கள். அந்த வாரம் முழுக்க மழை. கூரையில் தண்ணீர் அடிக்க, உள்ளே ஆவியும் சோப்பு வாடையும் சேர்ந்து புழுங்கியது. முதலில் வந்தவன் மடிக்கணினியைத் திறந்து வட்டம் வட்டமாகப் படம் காட்டினான். ஆவி பட்டுத் திரை மங்கியது; துடைத்துத் துடைத்துப் பேசினான். அவனைப் பார்த்து யாருக்கும் பொறாமை வர வழியில்லை.

இரண்டாவதாக வந்த அம்மாள்தான் பெரியக்காவின் வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டினாள். வந்த பத்தாவது நிமிஷம் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, நேராக மடிப்பு மேஜைக்குப் போய் ஒரு விரிப்பின் முனையைப் பிடித்தாள். எதிர்முனையில் நெட்டச்சி. அங்கே இருக்கிறவர்களிலேயே உயரமானவள்; பெரியக்காவுக்கு வலக்கை என்று பெயர் வாங்கினவள். அந்த அம்மாள் தப்பும் தவறுமாக மடிக்க, நெட்டச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்கு இத்தனை பல் இருக்கிறது என்பதே பெரியக்காவுக்கு அன்றுதான் தெரியும்.

"நல்ல மாதிரி இல்லக்கா அவங்க?" என்றாள் நெட்டச்சி சாயங்காலம்.

"மாதிரிக்கு என்ன குறைச்சல். அரை நாள்ல உன்னைக் கைக்குள்ள போட்டுக்கிட்டாளே."

"ஐயோ, நான் அந்த அர்த்தத்துல சொல்லலக்கா."

மூன்றாவது ஆளுக்கு ஐம்பத்தைந்து வயசிருக்கும். கசங்கின சட்டை. இரண்டு காதிலும் மெஷின். உருளை ஓடுகிற இடத்துக்கு வந்ததும் அவர் முகம் சுளித்து மெஷினைத் திருகினார். யார் எதைச் சொன்னாலும், "மன்னிக்கணும், இன்னொரு தரம் சொல்லுங்க" என்றார். முதலாளியின் பெயரையே மூன்று தரம் கேட்டார். படம் இல்லை, விளையாட்டு இல்லை. "நான் உட்கார்ந்து கேப்பேன். அவ்வளவுதான்" என்றார்.

பெரியக்காவின் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. குறை கேட்க வருகிற ஆளுக்குக் காது கேட்காது! இவரை உட்கார வைத்தால் இரண்டே நாளில் வேடிக்கை தெரிந்துவிடும். நாலு பேர் கத்திக் கத்திச் சலித்துத் திரும்பி வருவார்கள். முதலாளி அசடு வழிந்துகொண்டு, "நீங்களே பார்த்துக்கங்க பெரியக்கா" என்று வந்து நிற்பார்.

ஆனால் சும்மா கை காட்டினால் சந்தேகம் வருமே. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். மூன்று பேரையும் மறுபடி வரவழைத்து ஒரே நிபந்தனையைச் சொன்னாள்: "எங்க ஆளுங்க உங்ககிட்ட மனசு விட்டுச் சொல்றது எதுவும் முதலாளி காதுக்கும் போகக் கூடாது, என் காதுக்கும் வரக் கூடாது. யார் சொன்னாங்கங்கறதும் தெரியக் கூடாது." முதல் ஆள், தகவல் இல்லாமல் எப்படி அறிக்கை தருவது என்றான். அந்த அம்மாள், ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பதுதான் தன் வழக்கம் என்றாள். காது மெஷின்காரர் இரண்டு தரம் கேட்டுப் புரிந்துகொண்டு, "அப்படித்தானே இருக்கணும்" என்றார்.

"பாத்தீங்களா தம்பி, இவருதான் நம்பிக்கையான ஆளு" என்றாள் பெரியக்கா. முதலாளிக்குத் தொண்டைவரை ஏதோ வந்தது. கொடுத்த வார்த்தையை நினைத்து விழுங்கிக்கொண்டார்.

கிழிந்த விரிப்புகளைத் தைக்கிற சின்ன அறையில் அவருக்கு மேஜை போட்டார்கள். மடிப்பு மேஜையிலிருந்து பார்த்தால் கண்ணாடி ஜன்னல் வழியாக உள்ளே தெரியும். இரைச்சல் வராமல் இருக்கக் கதவைச் சாத்திக்கொள்வார். எதிரே வந்து உட்கார்ந்தவரின் முகத்துக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, உதட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

முதலில் துவைக்கிற பக்கத்துக்காரர் ஒருவர் போனார். பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடுவார் என்று பெரியக்கா கணக்குப் போட்டாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்த ஆளின் கண் சிவந்திருந்தது.

"என்னய்யா, கத்திக் கத்தித் தொண்டை போச்சா?"

"இல்லக்கா. நல்லாத்தான் பேசினோம்."

அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அடுத்து ஒருத்தி, அடுத்து இன்னொருத்தி. மூன்றாம் நாள் நெட்டச்சி போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த மனுஷன் ஏதோ சொல்ல, அழுகையோடு அழுகையாகச் சிரிக்கிறாள். வந்ததும் பெரியக்கா ஒரு விரிப்பை எடுத்து மறுமுனையை அவளிடம் நீட்டினாள். இழுப்பு நிதானமாக இருந்தது. ஒன்றும் தெரியவில்லை.

"என்னதான்டி சொன்ன?"

"ஒண்ணும் இல்லக்கா. அவருக்குக் காது சரியா கேக்காதில்ல, சொன்னதையே ரெண்டு தரம் சொல்ல வேண்டியிருக்கு. ரெண்டாந்தரம் சொல்லும்போதுதான் நாம என்ன சொல்றோம்னு நமக்கே கேக்குது."

"என்கிட்டச் சொல்ல மாட்டியா? எட்டு வருஷமா பக்கத்துல நிக்கறேன்."

நெட்டச்சி முனையோடு முனை சேர்த்துக்கொண்டு எதிரே நடந்து வந்தாள். "நீங்களே எல்லாத்தையும் கண்டுபிடிச்சிடறீங்களேக்கா. நாங்க எங்க சொல்றது?"

புகழ்கிறாளா, குத்துகிறாளா என்று பெரியக்காவால் பிரிக்க முடியவில்லை. அன்று முழுக்க அவள் எரிந்து விழுந்துகொண்டே இருந்தாள்.

இதெல்லாம்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பாள். அவளை நிலைகுலைய வைத்தது அடுத்த புதன்கிழமை.

அன்று போனவர் பாய்லர்காரர். அவள் புருஷன்.

சலவைக்கூடத்துக்கு ஆவி கொடுக்கிற பாய்லரை இருபது வருஷமாகப் பார்க்கிறவர் அவர். ஒரு காலத்தில் வாய் ஓயாத மனுஷன். அவர் பேச்சில் மயங்கித்தான் பெரியக்கா கழுத்தை நீட்டினாள். ஆனால் சில வருஷமாக வீட்டில் அவருக்குத் தெரிந்த வார்த்தைகள் மொத்தம் மூன்று: சரி, ம், பார்க்கலாம். எதைக் கேட்டாலும் இந்த மூன்றில் ஒன்று. சாயங்காலம் டிவியைத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கட்டிக்கொடுத்த மகள் போன் செய்தால், "நல்லாருக்கியா, இந்தா அம்மாகிட்டப் பேசு" என்று போனை நீட்டிவிடுவார். மத்தியானம் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போதுகூட பாய்லர் அறையைவிட்டு வெளியே வர மாட்டார். டப்பாவை வாங்கிக்கொண்டு அங்கேயே தின்பார். தன் மேல் சலிப்புத் தட்டிவிட்டது என்று பெரியக்கா முடிவு கட்டியிருந்தாள். இழுப்பை வைத்து ஊரையே எடை போடுகிறவளுக்கு, வீட்டில் மறுமுனை கையை விட்டுப் போனது உள்ளூர அரித்துக்கொண்டே இருந்தது. வெளியே சொன்னதில்லை.

அந்த மனுஷன் பாய்லரை இன்னொருவரைப் பார்க்கச் சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு மணி பத்து நிமிஷம் பேசினார்.

பெரியக்கா ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தாள். அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். நாற்காலி நுனிக்கு வந்து பேசினார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு. அது செத்துப் போய்விட்டது என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்? உயிரோடு வைத்திருந்து, யாரோ ஒருத்தருக்குக் கொடுத்துவிட்டாரே! ஒரு பெண்பிள்ளையிடம் போயிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது. தலைமுடியைப் பிடித்து உலுக்கி ஒரு முடிவு கண்டிருப்பாள். இந்தக் கசங்கின சட்டையை என்ன செய்வது?

"அக்கா, விரிப்பு கருகுது!" என்று யாரோ கத்தினார்கள். உருளைக்கு விரிப்பைக் கொடுக்கிறவளும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

மத்தியானம் பெரியக்கா தையல் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள்.

"சார், எங்க வீட்டுக்காரர் என்ன சொன்னாரு?"

அவர் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"அதைச் சொல்லக் கூடாதுன்னு நிபந்தனை போட்டதே நீங்கதானேம்மா."

"அது மத்தவங்களுக்கு. நான் அவரு பொண்டாட்டி."

"நிபந்தனையில அப்படி விலக்கு ஒண்ணும் இல்லியே."

தான் வெட்டின குழியில் தானே நிற்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அழுகை வரும்போல் இருந்ததால் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "என்னை வேணாம்னு சொன்னாரா?" என்றாள்.

"கையை எடுத்துட்டுச் சொல்லுங்கம்மா. வாயைப் பார்த்தாத்தான் எனக்குப் புரியும்."

அந்தக் கேள்வியை இரண்டாந்தரம் கேட்க அவளால் முடியவில்லை. அவர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துவிட்டு, "சனிக்கிழமைக்குள்ள வீட்டுல சொல்லிடுங்கன்னு அவர்கிட்டச் சொல்லியிருக்கேன். நான் சொல்ல முடிஞ்சது இவ்வளவுதான்" என்றார்.

சொல்ல வேண்டிய விஷயம் ஏதோ இருக்கிறது, கெடுவும் வைத்தாகிவிட்டது. வியாழன் போயிற்று, வெள்ளி போயிற்று. வீட்டில் அதே மூன்று வார்த்தைதான். பெரியக்கா சாப்பாட்டுத் தட்டை ஓசைப்பட வைத்துப் பார்த்தாள். மகளிடம் போனில் ஜாடையாகப் பேசிப் பார்த்தாள். அவர் எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை.

சனிக்கிழமை இரண்டு பேருக்கும் அரை நாள்தான் வேலை. வீட்டுக்கு வந்ததும் அவள் குக்கரில் உருளைக்கிழங்கைப் போட்டு அடுப்பில் ஏற்றினாள். அவர் பாத்திரம் கழுவுகிற தொட்டியடியில் அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மழை விட்டு, ஜன்னலில் வெயில் எட்டிப் பார்த்தது.

"மூணு விசில் வந்ததும் அணைச்சிடுங்க" என்று அவர் எதிரே போய் நின்று சொன்னாள்.

"சரி."

பெரியக்கா சமையலறை நிலையில் போய்ச் சாய்ந்துகொண்டாள். பத்து நாளாக உள்ளே வெந்தது அதற்குமேல் தாங்கவில்லை.

"யாரோ ஒரு ஆளுகிட்ட ஒரு மணி நேரம் பேசத் தெரியுது. கட்டினவகிட்டப் பேச வாய் வலிக்குது" என்று அவர் முதுகைப் பார்த்து ஆரம்பித்தாள். "அவனுக்கு என்ன சொன்னீங்க? இவ ராங்கிக்காரின்னா? இவகூட இருக்கப் பிடிக்கலன்னா? அவன்கிட்ட அப்படிச் சிரிக்கறீங்களே, எனக்கு ஒரு சிரிப்பு மிச்சம் வைக்கக் கூடாதா? வயிறு எரியுதுங்க எனக்கு. நெட்டச்சி அவன்கிட்ட அழுதா, எரிஞ்சுது. நீங்க சிரிச்சீங்க, அதைவிட எரிஞ்சுது."

அவர் வெங்காயத் தோலை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"நான் இங்க கதறிக்கிட்டிருக்கேன். கல்லு மாதிரி நிக்கறீங்களே!"

குக்கர் விசில் அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. அவர் வெங்காயத்தைப் பாதியாக வெட்டினார். நாலு. வேண்டுமென்றேதான் செய்கிறார் என்று பெரியக்கா பல்லைக் கடித்தாள். ஐந்து. அவருடைய முதுகுக்குப் பின்னால், இரண்டு அடி தூரத்தில், வீடே அதிர்கிற மாதிரி ஆறாவது விசிலும் வந்தது. அவர் தோள் ஒரு இம்மிகூட அசையவில்லை. வெங்காயம் எரித்த கண்ணை மட்டும் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

பாய்லரில் எங்காவது ஆவி கசிந்தால், மூன்று அறை தாண்டி நின்று சத்தத்தை வைத்தே எந்தக் குழாய் என்று சொன்ன மனுஷன் அவர்.

பெரியக்கா நிலையை விட்டு நகர்ந்தாள். போய் அடுப்பை அணைத்தாள். சுற்றிக்கொண்டு அவர் முகத்துக்கு நேராகப் போய் நின்றாள். அவர் நிமிர்ந்து அவள் உதட்டைப் பார்த்தார். அவர் பார்ப்பது தன் கண்ணை அல்ல, உதட்டை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"எத்தனை நாளா?"

கத்தி அவர் கையில் அப்படியே நின்றது.

"இடது காது போயி அஞ்சு வருஷம் ஆச்சு. வலதுல கொஞ்சம் இருந்துச்சு. ரெண்டு வருஷமா அதுவும் போய்க்கிட்டே இருக்கு. விசில், மணி, போன் இதெல்லாம் சுத்தமா கேக்காது."

"அப்ப பாய்லர்?"

"அழுத்தம் காட்டற முள்ளைப் பாத்துக்கிட்டே உட்கார்ந்திருப்பேன். கண்ணை எடுக்க முடியாது. சாப்பாட்டுக்குக்கூட அதான் வெளிய வர்றதில்ல." கத்தியைக் கீழே வைத்தார். "அந்த ஆளு பாத்த உடனே பிடிச்சிட்டாரு. இது உங்க ஒருத்தர் விஷயம் இல்ல, அங்க முப்பது பேர் நிக்கறாங்கன்னாரு. நியாயம்தானே. வீட்டுல சொல்லிட்டு திங்கக்கிழமை முதலாளிகிட்டப் போகணும். மூணு நாளா உன்கிட்ட எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல."

கேட்க வேண்டியது எத்தனையோ இருந்தது. பெரியக்காவின் வாயில் முதலில் வந்தது வேறு.

"எதுக்கு அப்படிச் சிரிச்சீங்க ரெண்டு பேரும்?"

"அதுவா?" அவர் முகம் லேசாக மலர்ந்தது. "வீட்டுல எப்படிச் சமாளிக்கறீங்கன்னு கேட்டாரு. எல்லாத்துக்கும் சரின்னு சொல்லிடுவேன்னேன். அவரும் இருபது வருஷமா அதையேதான் செய்யறாராம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

இதைக் கேட்டதும் அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

"உனக்குத் தெரியாதா?"

தெரியாது என்று அவள் தலையை ஆட்டினாள்.

"ஏதாவது முக்கியமா சொல்லணும்னா எதிர்ல வந்து நின்னு, உரக்கச் சொல்லுவியே. எனக்குப் புரியட்டும்னுதான்னு நெனச்சேன்." அவர் குரல் இறங்கியது. "அங்க எவளுக்குத் தலைவலின்னாலும் மொதல்ல கண்டுபிடிக்கறவ நீ. என் காது போனது உனக்குத் தெரியாம இருக்குமா? தெரிஞ்சுக்கிட்டே, என் வேலை போயிடக் கூடாதுன்னு யார்கிட்டயும் மூச்சு விடாம இருக்கேன்னு நெனச்சேன். உனக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கேன்னு தெனமும் பாய்லர் ரூம்ல உட்கார்ந்து நெனச்சுக்குவேன்."

பெரியக்கா வாயைத் திறந்தாள். அவள் ஏதோ சொல்லப்போகிறாள் என்று அவர் அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.